மைக் வேலை செய்யலை, மிஸ்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில், வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம். உரையில் வரும் பிள்ளைகளின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.)



2020 மார்ச் 24ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். அதற்கப்புறம் பல மாதங்களுக்கு நீங்கள் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் ஓர் அறிவுரை கேட்கும், ஞாபகம் இருக்கும். டி.வி.யில், சுவரொட்டியில், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் எல்லாம் அதே பேச்சு: வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள். தொற்றுநோயைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரைதான். நானும் அதையேதான் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் வீடு என்றாலே பாதுகாப்பு என்று அதில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது.

அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. மார்ச் 20க்கும் 31க்கும் இடையில், 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. அவற்றில் 92,105 அழைப்புகள் அடி உதையிலிருந்தும் கொடுமையிலிருந்தும் காப்பாற்றச் சொல்லி வந்தவை. கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஊரடங்குதான் பெற்றோர்களைக் கெடுத்துவிட்டது என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் யாரும் புதிதாகக் கை ஓங்கப் பழகிவிடுவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எப்படி இருந்தது என்பதைப் பெருந்தொற்றை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதில், எட்டு வயதில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றும் கேட்டாக வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பில் தவறாமல் சேருவான், வருகைப்பதிவில் குறையே இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டான். அரட்டைப் பெட்டியில் டைப் அடிப்பான்: ‘மைக் வேலை செய்யலை, மிஸ்.’ பதில் தெரியாமல் இல்லை, அதையும் கீழேயே டைப் அடித்துவிடுவான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். மூன்று வாரம் இப்படியே போனது. சோம்பேறித்தனம் என்று ஆசிரியை முதலில் நினைத்திருக்கிறார். ஒருநாள் கைதவறி மைக் திறந்துவிட்டது. நாலைந்து வினாடிதான். ஓர் ஆணின் கத்தல், ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தம், ஒரு பெண் ‘பையன் கிளாஸ்ல இருக்கான்’ என்று கெஞ்சுவது. வகுப்பில் நாற்பது பேர் கேட்டார்கள். மறுநாளிலிருந்து அவன் வகுப்பில் சேரவே இல்லை.

அந்த ஆசிரியை எதுவும் கேட்காமல், பாடநோட்டை அனுப்பும் சாக்கில் வாரம் இரண்டு முறை அவனுக்குப் போன் செய்தார். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அவர் வழியாகத்தான் பிற்பாடு அவன் என்னிடம் வந்தான். தந்தையின் குடியும் அடியும் அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே உண்டு. 2020 அவனுக்குப் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அதுவரை காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை அவனுக்குக் கிடைத்துவந்த ஒரு விடுப்பைப் பறித்துக்கொண்டது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை விடுப்பு என்று நான் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். அவனுக்கு அது அப்படித்தான் இருந்தது.

இனி, கொடுமை என்று நான் எதைச் சொல்கிறேன்? சூடு போடுவதும் கட்டிவைத்து அடிப்பதும் மட்டும்தான் நம் மனதில் வருகிறது. செய்தித்தாளில் வருகிற கொடுமை அது. மருத்துவத்தில் நாங்கள் கணக்கில் எடுப்பது அதைவிட விரிந்தது. உடலில் அடி, நாளெல்லாம் வசவும் மட்டம் தட்டலும், பாலியல் சீண்டல், சாப்பாடு மருந்து பாசம் எதையும் கவனிக்காமல் விட்டுவிடுவது, அம்மா அடிபடுவதைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டே வளர்வது, எல்லாமே இதில் சேரும். ‘நீ பொறந்ததே தண்டம்’ என்ற ஒரு வாக்கியத்தைத் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளையின் உடம்பில் ஒரு தழும்பும் இருக்காது.

நம் ஊரில் இதைப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அடியாத மாடு படியாது என்று பழமொழி வைத்திருக்கிறோம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று இன்னொன்று. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, ‘கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே’ என்று சொல்லிவிட்டுப் போன அப்பாக்களை இங்கே உள்ள மூத்த ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களை வளர்த்த விதத்தையே திருப்பிச் செய்தார்கள். ‘நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுப்போய்விட்டோம்?’ என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. கேட்கும்போது பலர் குரலில் கோபம் இருக்கும். நான் அவர்களிடம் வாதாடுவதில்லை. உங்களுக்கு அந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். தேதி, இடம், போட்டிருந்த சட்டை வரைக்கும் சொல்வார்கள்.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு நம்மிடமே கணக்கு இருக்கிறது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், துல்லியமாகச் சொன்னால் 53.22 விழுக்காடு, ஏதாவதொரு விதமான பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். அதில் ஆண் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள் என்பதை நம் பேச்சில் எப்போதும் விட்டுவிடுகிறோம். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தது பெற்றோர். ஆக, 2020இல் பள்ளிகளைப் பூட்டி வீட்டுக்கு அனுப்பினோமே, அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் எங்கே போனார்கள் என்று அந்த அறிக்கையைப் படித்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பதின்மூன்று வருடமாக அது அலமாரியில்தான் இருந்தது.

சிறுவயதுக் கொடுமை பிற்காலத்தில் என்ன செய்கிறது என்பதை மருத்துவ உலகம் கண்டுகொண்டது ஒரு தற்செயல். 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை மையம் நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று தோண்டிக் கேட்டபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அதிலிருந்து தொடங்கி, ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்து 1998இல் வெளியிட்டார். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகையான சிறுவயதுத் துன்பங்களைச் சொன்னவர்களுக்கு, எதுவுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகமாக இருந்தது. இதயநோயும் புற்றுநோயும்கூட அதிகம்.

இந்த ஆய்வு பிரபலமானதும் ஒரு தொல்லை வந்தது. ஆளாளுக்கு இணையத்தில் சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி, ‘எனக்கு ஆறு மதிப்பெண், என் வாழ்க்கை அவ்வளவுதான்’ என்று பயப்பட ஆரம்பித்தார்கள். இந்த மதிப்பெண்ணைத் தனி மனிதருக்குச் சோதிடம் பார்க்கப் பயன்படுத்தாதீர்கள் என்று அதே ஆண்டாவே 2020இல் கட்டுரை எழுத வேண்டிவந்தது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு, கூட்டத்துக்குத்தான் பொருந்தும். இங்கே கேட்டுக்கொண்டிருக்கிற யாருக்காவது அந்தப் பயம் வந்தால், தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெருந்தொற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வளரிளம் பருவத்தில் மூளை இன்னும் கட்டுமான வேலையில் இருக்கிறது. ஆபத்து என்று மணி அடிக்கும் அமிக்டலா முன்னாலேயே தயாராகிவிடுகிறது. ‘பொறு, யோசி’ என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முதிர இருபது வயதுக்கு மேலாகிறது. சிறுவயதிலேயே அடியும் கத்தலும் பழகிய பிள்ளையிடம் அந்த மணி கூடுதல் கூர்மையோடு இருக்கும். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். அந்தக் கூர்மை அவர்களை அந்த வீட்டில் காப்பாற்றியது. ஆனால் புதிதாக ஒரு நெருக்கடி வரும்போது அதுவே பாரமாகிவிடும். ஒரு முறை சுளுக்கிய கால், மற்றவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் சின்னக் கல்லிலும் மடங்கிவிடும், அதுபோல. தேர்வு தள்ளிப்போனது, நண்பனைப் பார்க்க முடியவில்லை, பாட்டி இறந்து முகம் பார்க்க விடவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த கஷ்டங்கள்தான் இவை. எல்லோரும் ஒரே அளவில் விழவில்லை.

பொதுவான சரிவு பெரிதுதான், அதை மறுக்கவில்லை. உலகெங்கும் நடந்த 29 ஆய்வுகளை, எண்பதாயிரம் பிள்ளைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2021இல் வந்தது. நாலில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒருவரிடம் பதற்றத்தின் அறிகுறிகள். பெருந்தொற்றுக்கு முந்தைய மதிப்பீடுகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இன்னொன்றை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இன் முதல் ஆறு மாதங்களில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பெருந்தொற்றின்போது வீட்டில் பெற்றோரோ வேறு பெரியவரோ திட்டினார்கள், அவமானப்படுத்தினார்கள் என்று 55.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். அடித்தார்கள், உதைத்தார்கள் என்றவர்கள் 11.3 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது: பள்ளியில் இருப்பவர்களோடு நெருக்கமாக உணர்கிறாயா? ஆம் என்றவர்களில் 28.4 விழுக்காட்டினருக்கு மனநலம் மோசமாக இருந்தது. இல்லை என்றவர்களில் 45.2.

இது காரணத்தை நிரூபிக்கும் கணக்கு அல்ல. மனம் நன்றாக இருக்கிற பிள்ளைதான் பள்ளியோடு நெருக்கமாக உணரும் என்று திருப்பியும் சொல்லலாம். ஆனாலும் அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம், வாரம் இரண்டு முறை பாடநோட்டைச் சாக்காக வைத்துப் போன் செய்த அந்த ஆசிரியைதான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

நம் நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். கொஞ்சம் கனமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2020இல் 18 வயது நிரம்பாத 11,396 பேர் தற்கொலையில் இறந்தார்கள். முந்தைய ஆண்டில் 9,613. அந்த அட்டவணையில் காரணங்களுக்குத் தனித்தனி வரிசை உண்டு. அவற்றில் 4,006 என்ற எண்ணோடு முதலிடத்தில் நிற்பது ‘குடும்பப் பிரச்சினை’. காவல் நிலையத்தில் ஒரு எழுத்தர் அந்தக் கட்டத்தை நிரப்புகிறார், கோப்பு மூடப்படுகிறது. பெற்றோர் சண்டை, அடி, கட்டாயக் கல்யாணப் பேச்சு, சொந்தக்காரரின் சீண்டல் எல்லாமே அந்த ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. கணக்கெடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்குக் கொடுத்த படிவம் அப்படி. ஆனால் அந்தக் கட்டத்தைப் பிரித்து எழுதாதவரை நாம் தேர்வு பயம், செல்போன் மோகம் என்று வசதியான காரணங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

பள்ளி மூடியதால் போனது பாடம் என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டோம். பத்தாம் வகுப்புக்கு எல்லோரும் பாஸ் என்று 2020 ஜூனில் அறிவித்தார்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பிறகு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்தது. பாடத்தை ஈடுகட்ட வழிகள் யோசித்தோம். ஆனால் பள்ளி இன்னொரு வேலையும் பார்த்துவந்தது. தினமும் ஒரு வெளியாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். சட்டையை முழுக்கை போட்டு வந்தால் கவனித்தார். சத்துணவுக்கு இரண்டாவது முறை வரிசையில் நின்றால் ஆயாவுக்குத் தெரிந்தது. அந்தக் கண்கள் மொத்தமாக மறைந்துபோயின. அமெரிக்காவில் குழந்தைக் கொடுமை பற்றி வரும் புகார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆசிரியர்கள் போன்ற கல்வித் துறையினர் தருவது. 2020இல் பள்ளிகள் மூடியதும் புகார்கள் சரிந்தன. கொடுமை குறைந்துவிட்டதா? அங்கே அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைக் கொடுமை நேர்வுகளும் எண்ணிக்கையில் குறைந்தன, ஆனால் வந்தவர்களில் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தவர்களின் பங்கு 2.1இலிருந்து 3.2 விழுக்காடாக உயர்ந்தது. லேசான காயங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன.

நம் மாநிலத்துக்கே உரிய ஒரு சங்கதி. மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் கடைகள் மூடின. அந்த ஆறு வாரம் எங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்தது என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. குடி கிடைக்காத எரிச்சலில் முன்பைவிட அதிகம் அடித்தார் என்று சொன்னவர்களும் உண்டு. மே 7இல் கடைகள் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றத் தடையோடு 16ஆம் தேதி மறுபடி திறந்தன. பெண்கள் பல ஊர்களில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மதுவிலக்கு பற்றி இங்கே வாதம் நடத்த நான் வரவில்லை. ஆனால் அந்த மே மாதத்து நாட்களை ஒரு பதினாலு வயதுப் பெண் எனக்குத் தேதி தேதியாகச் சொன்னாள். நீதிமன்றச் செய்தியை அவ்வளவு கவனமாகப் பின்தொடர்ந்த வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பு முதல் 2021 செப்டம்பரில் திறந்தபின் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டம் வந்தது. தலைவலி, வயிற்றுவலி, மயக்கம். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும். ஒரு பதினாறு வயதுப் பெண், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் முதலில் கேட்டது: ‘நான் ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுவீங்களா மேடம்?’ இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லத்தான் மனம் துடிக்கும். சொல்லக் கூடாது. போக்சோ சட்டம் 2012இன்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் விலக்கில்லை, மறைத்தால் தண்டனை. ‘சத்தியம் பண்ண முடியாதும்மா. உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா சில பேர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். ஆனா யார்கிட்ட, என்ன சொல்றேன்னு உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்’ என்றேன். அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் தானாகவே வந்து சொன்னாள்.

எல்லாப் பிள்ளைகளும் உடைந்துபோனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் தினமும் கேலிக்கு ஆளான ஒரு பையனுக்கு ஊரடங்கு வரமாக இருந்தது, அந்த வருடம்தான் அவன் நிறையப் படித்தான். மோசமான வீடுகளிலிருந்து வந்தும் தாக்குப்பிடித்த பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்கள் கதையைக் கேட்டால் அநேகமாக எங்கேயாவது ஓர் ஆள் இருக்கிறார். அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் அண்ணன், பெரியப்பா. அந்த ஆள் பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டார். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டிருப்பார், கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்திருப்பார்.

ஆசிரியர்களுக்கு ஓரிரு வார்த்தை. உங்களை நான் மனநல மருத்துவராக மாறச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் துருவித் துருவி விசாரிக்காதீர்கள், அது காவல்துறை வேலை. ‘அப்பா அம்மாதானே, பொறுத்துக்கோ’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு அது மறுபடி வாயை மூடிவிடும், பல வருடத்துக்குத் திறக்காது. பெற்றோரைக் கூப்பிட்டு அன்றைக்கே பஞ்சாயத்து வைக்காதீர்கள். அன்று இரவு அந்தப் பிள்ளை அதே வீட்டுக்குத்தான் போகிறது. 1098க்கு நீங்களே பேசலாம், கட்டணம் இல்லை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போகும். பெரியவர்கள், பிள்ளைகள் யாருக்கு மனம் தாங்கவில்லை என்றாலும் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

பெற்றோருக்கு: கை ஓங்கிய நாள் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். மறுநாள் காலையில் பிள்ளையிடம் போய், ‘நேற்று நான் செய்தது தப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை அப்படிப் போனதில்லை.

2020இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் பள்ளியை முடித்துவிட்டார்கள். கல்லூரி விடுதியில், வேலையில், சிலர் கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு இருக்கிறார்கள். தூக்கமின்மை என்றும் நெஞ்சு படபடப்பு என்றும் இப்போது பொது மருத்துவரிடம் போவது அவர்கள்தான். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்புகிறார்கள். ‘அந்த இரண்டு வருடம் வீட்டில் எப்படி இருந்தது?’ என்ற கேள்வியையும் இரத்த அழுத்தம் பார்க்கும்போதே கேட்கலாம் என்று என் சக மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

என் நேரம் முடிந்தது என்று அமைப்பாளர் சீட்டுக் கொடுத்துவிட்டார். கேள்விகளுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே கை தூக்கிய பின்வரிசை அம்மா முதலில் கேட்கட்டும்.